பெரிய இலைகள் யாருக்கு

முட்டைக்கோஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்டைச் சுற்றிக் கத்தியை இறக்கி, ஒரு குழி தோண்டி எடுத்தாள் தையல்காரம்மா. குழிக்குள் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டாள். தண்ணீர் இடுக்குகளில் இறங்க இறங்க, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மேலே இருந்தவை பெரியவை. கையை அகல விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. உள்ளே போகப் போகச் சிறுத்து, கடைசியில் ஒரு கைப்பிடிக் கட்டியாக நின்றுவிடும். சுருட்டுவதற்கு உதவுபவை மேலே இருக்கும் அந்தச் சில இலைகள் மட்டும்தான்.

அடுப்பில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இலையை அதில் முக்கி, பச்சை கொஞ்சம் துலங்கி வரும்வரை விட்டு, கரண்டியைத் தேடாமல் விரல்களாலேயே எடுத்துக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினாள். துணியில் ஒற்றினாள். நடுவில் ஓடும் தடித்த நரம்பைக் கத்தியைப் படுக்க வைத்துச் சீவினாள். அப்போதுதான் இலை மடங்கும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். நீளமாக நறுக்கிய கேரட், வெள்ளரி, வேகவைத்து மசித்த கடலை, அவித்த முட்டையில் ஒரு கீற்று, மேலே எலுமிச்சைச் சாறு, மிளகு. இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்து அடியிலிருந்து இறுக்கிச் சுருட்டினாள். ரொட்டி இல்லாத ரொட்டிச் சுருள் அது.

"எப்படிம்மா கொதிக்கிற தண்ணியில விரலை விடறே?" என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

"பழகிடுச்சு."

மகள் இதைத் தோழிகளிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். எங்கம்மா கைக்குச் சூடே தெரியாது என்பாள்.

இந்த இலை வேலை அந்த வீட்டுக்குள் வந்தது தையல்காரம்மாவின் கணவரால். அவர் பேருந்து ஓட்டுநர். எந்தத் திருப்பத்திலும் அவசரப்படாதவர் என்பதால் பணிமனையில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. வழக்கமான உடல் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரிந்தது. இறக்கிக் காட்டு, இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டத் தெரிந்த மனிதரைச் சீட்டு எண்ணும் அறையில் உட்காரவைத்தால் என்ன ஆவார் என்று அவருக்கே தெரியும். அந்த அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ரொட்டியை விட்டுடணுமாம். அதுக்குப் பதிலா இலையில சுத்திச் சாப்பிடலாம்னு சொல்றாங்க. நான் என்ன ஆடா?"

"பார்த்துக்கலாம், விடுங்க," என்றாள் மனைவி.

அவள் பார்த்துக்கொண்டாள். முதலில் கீரை இலையில் சுற்றிப் பார்த்தாள். அது நனைந்த காகிதம் போலக் கையோடு வந்தது. லெட்டூஸ் நன்றாகத்தான் இருந்தது, மதியத்துக்குள் வாடித் தொங்கியது. பச்சைக் கோஸ் இலை முறிந்தது. அதிகம் வெந்த கோஸ் இலை நாறியது. முதல் வாரம் நிதானத்தின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், சுருள் பிரிந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து, விபத்து நடந்த இடம் போல இருக்கும். "என்ன அண்ணே, சுருட்டா? நெருப்பு வேணுமா?" என்று நடத்துநர் கேட்பார். அவரோடு அதே பேருந்தில் பல வருடமாக ஓடும் ஆள் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு.

பிறகு சுருள் பிரியாமல் நின்றது. கேலி குறைந்தது. ஒரு நாள் நடத்துநரே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "பரவாயில்லையே," என்றார். பழுது பார்க்கும் பிரிவில் இருந்த மெக்கானிக்கும் கையை நீட்டினார். அன்றிலிருந்து டப்பா பெரிதானது. தையல்காரம்மா விடிந்ததும் எழுந்து கோஸ் உரிக்கத் தொடங்கினாள்.

கணவரின் டப்பாவுக்குச் சில, மகள் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சில. பெரிய இலைகள் அத்தோடு தீர்ந்துவிடும். இருவரும் போன பிறகு, நேற்றோ முந்தாநாளோ வாங்கி மிஞ்சிய ரொட்டியை எடுத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரில் முக்கி, தையல் இயந்திரத்தின் அருகே நின்றபடியே தின்றுவிடுவாள். அந்த வீட்டில் ரொட்டி வாங்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மகளுக்கு மாலையில் வேண்டும். மிச்சத்தை யாராவது தீர்க்க வேண்டும். அந்த யாராவது அவள்தான். பல் துலக்குவதைப் போல, அதையும் அவள் யோசிக்காமலே செய்துகொண்டிருந்தாள். மதியத்துக்கும் அதுதான். சில நாள் அதுவும் மறந்துபோகும். அக்கம்பக்கத்தார் கொடுத்த கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, ஜிப் மாற்றிக்கொண்டிருப்பாள்.

தாகம் அதிகமாக எடுத்தது. வெயில் என்று நினைத்தாள். எடை குறைந்தது. அலைச்சல் என்று நினைத்தாள். விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தினால் துணியில் சிவப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியும். தையல் தொழிலில் விரல் தடித்துப்போவது சகஜம் என்று அதையும் ஒரு மூலையில் தள்ளினாள். உள்ளே ஏதோ ஒன்று அணைந்துகொண்டே வந்தது. அது அவளுக்கு வருத்தமாகவோ பயமாகவோ இல்லை. இரைச்சலான தெருவில் யாரோ ஜன்னலைச் சாத்தியது போல, எல்லாம் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது, காய்கறிக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அம்மா, செருப்பு."

திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இடது கால் செருப்பு தெரு நடுவில் தனியாகக் கிடந்தது. வெறுங்காலோடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். போய் மாட்டிக்கொண்டாள். அன்று சாப்பிடும்போது மகளிடம் சொன்னாள், மகள் அப்பாவிடம் சொன்னாள், வீடு முழுக்கச் சிரிப்பு.

"கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாதா? எந்த உலகத்துல நடக்கிறே நீ?" என்றார் நிதானம்.

அவளும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பதுதானே வழக்கம்.

அவருடைய சர்க்கரை இறங்கியது. மறுபரிசோதனை செய்த மருத்துவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். ஸ்டியரிங் அவரிடமே இருந்தது. அதோடு நிற்காமல் அவர் ஒரு பேச்சாளராகவும் மாறிவிட்டார். பேருந்து புறப்படக் காத்திருக்கும் நேரத்தில், தேநீருக்குச் சர்க்கரை கேட்டவரை நிறுத்தி உபதேசம் செய்வார். மாவு எப்படி ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாக நிற்கிறது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். அதனால்தான் பணிமனையில் உடல்நல நாள் நடத்த முடிவானபோது, மேலாளருக்கு வேறு யாருடைய நினைப்பும் வரவில்லை.

"நீங்க பேசுங்க. உங்க வீட்டம்மா பக்கத்துல நின்னு செஞ்சு காட்டட்டும். கேக்கறதைவிடப் பார்க்கிறது மனசுல நிக்கும்."

நிதானத்துக்குப் பெருமை. வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி இருக்கிறது என்று மனைவி சொல்லவில்லை. எத்தனை பேருக்கு என்று மட்டும் கேட்டாள்.

பேருந்து நிறுத்தும் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு செவிலியர்கள் விரலில் குத்தி இலவசமாகச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் நின்றார்கள். ஊழியர்களுக்கு மட்டும் என்று மேசையில் எழுதி ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் நீள மேசை, அடுப்பு, அகலப் பாத்திரம், கூடை நிறையக் கோஸ். மேசைக்குப் பின்னால் தையல்காரம்மா.

நிதானம் ஒலிவாங்கியைப் பிடித்தார். பேருந்தை எடுப்பது போலவே மெதுவாகத் தொடங்கினார்.

"போன வருஷம் என்னை வண்டியிலேருந்து இறக்கிடலாம்னு இருந்தாங்க. இன்னைக்கு என் ரத்தத்தைப் பார்த்து டாக்டரே ஆச்சரியப்படறாரு. என்ன மாத்திரை சாப்பிட்டேன்? பெருசா ஒண்ணுமில்ல. வாயைக் கட்டினேன். அவ்வளவுதான். கட்டுப்பாடு. ரொட்டியைத் தூக்கிப் போட்டுட்டு இலைக்கு வந்தேன். வீட்ல ஒருத்தன் திருந்தினா வீடே திருந்தும்."

கைதட்டினார்கள். தையல்காரம்மா இலைகளை முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் விரலால் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எடுப்பதைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர், "அம்மா பெரிய ஆள்தான்," என்றார். ஒவ்வொரு இலையாக நரம்பு சீவினாள். அடுத்த இலைக்காகக் காத்திருக்கும்போது, ஓய்வுக்கு எங்காவது ஊன்றிக்கொள்வது போல, இடது உள்ளங்கையைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். அவள் பார்வை கூட்டத்தின் மேல் எங்கோ இருந்தது.

கணவர் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் விரல் போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக்தான் முதலில் பார்த்தார். சூடான இரும்பைத் தினமும் தொடுகிற மனிதர். எழுந்து மேசைக்கு வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். பிறகு திரும்பிச் சொன்னார்.

"அண்ணே, பேச்சை நிறுத்துங்க."

உள்ளங்கையில் தோல் வெளுத்து, ஓரத்தில் உரிந்து நின்றது. தையல்காரம்மா தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ அவளிடம் காட்டி, இது யாருடையது என்று கேட்டது போலப் பார்த்தாள்.

"வலிக்கலையா அண்ணி?" என்றார் மெக்கானிக்.

"இல்லையே," என்றாள்.

மூத்த செவிலியர் எழுந்து வந்தார். ஓடி வரவில்லை, ஆனால் வந்த நடை ஓட்டத்தைவிட வேகமாக இருந்தது. கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். பிடித்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"மரத்துப்போறது."

"ஒரு வருஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவள் யோசித்தாள். "கேட்டாத்தானே சொல்றதுக்கு," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த மேசைக்கு அவளை அழைத்துப்போய், நல்ல கையின் விரலில் குத்தினார்கள். குத்தியதும் அவளுக்குத் தெரியவில்லை. கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் செவிலியர் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். நிதானம் மிக மோசமாக இருந்த நாளில் வந்த எண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது பாதத்தில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி வீக்கம், வாடை.

ஒலிவாங்கி இன்னும் நிதானத்தின் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் பாதத்தைப் படம் எடுத்தார்கள். கட்டைவிரல் எலும்பை ஒட்டி ஒரு கோடு வெள்ளையாகத் தெரிந்தது. உடைந்த தையல் ஊசியின் துண்டு. எப்போது ஏறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஏறியது தெரிந்தால்தானே எப்போது என்று தெரியும். அந்த ஊசியின் மேலேயே அவள் நடந்திருக்கிறாள், இயந்திரத்தை மிதித்திருக்கிறாள், கடைக்குப் போய் வந்திருக்கிறாள். சீழ் எலும்புக்குள் போய்விட்டது. விரலை எடுத்தால் பாதம் பிழைக்கும் என்றார் மருத்துவர்.

மருத்துவர் இளம் பெண். சோர்ந்திருந்தார். தாளில் எதையோ எழுதிக்கொண்டே நிதானத்திடம் கேட்டார்.

"வீட்ல இவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"எனக்குச் சர்க்கரை இருக்கு டாக்டர். வீட்ல ரொட்டி எல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. இலைச் சுருள்தான். காய்கறி, கடலை, முட்டை..."

"அப்பா," என்றாள் மகள். "அம்மா அதைச் சாப்பிட்டதே இல்லை."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்போ என்ன சாப்பிடுவாங்க?"

நிதானம் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், இத்தனை வருடம். தன் பேருந்தின் டீசல் எவ்வளவு தூரம் வரும் என்று அவருக்குத் தெரியும். எந்தச் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"ஏதாவது சாப்பிடுவா," என்றார்.

மருத்துவர் திட்டவில்லை. அவர் தாளில் எதையும் எழுதாமல், அடுத்த கேள்விக்குப் போனார். திட்டியிருந்தால் நிதானத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வலிச்சாச் சொல்லலாம். வலிக்கலையே."

"இலை இருந்துச்சே. நீயும் ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே?"

"ஒரு கோஸ்ல பெரிய இலை கொஞ்சம்தான் வரும். உங்களுக்கும் அவளுக்கும் வச்சாத் தீந்துடும்."

"இன்னொரு கோஸ் வாங்கறது?"

அவள் அவரைப் பார்த்தாள். உண்மையிலேயே அது அவளுக்குத் தோன்றியதே இல்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. தனக்கென்று தனியாக ஒரு கோஸா என்பது போல இருந்தது அது.

"விரல் போனதுகூட எனக்குத் தெரியல," என்றாள் கொஞ்சம் கழித்து. "இப்பவும் அது அங்க இருக்கிற மாதிரியும் இல்ல, இல்லாத மாதிரியும் இல்ல. அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

அவர் போர்வைக்கு மேலே அவள் காலில் கை வைத்தார். கை வைத்தது அவளுக்குத் தெரிகிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, எதிரே ஒரு முக்காலியில் கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே நிதானம் கோஸோடு மல்லுக்கு நின்றார். விடுப்புப் போட்டிருந்தார். முதல் இலை இரண்டாகக் கிழிந்தது. இரண்டாவது இலை பாத்திரத்தில் கிடந்து வெந்து துணியாகிவிட்டது. கொதிநீரில் விரல் பட்டதும், "ஸ்ஸ்" என்று கையை உதறி, காது மடலைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். ஒரு சொட்டுக்கே இவ்வளவு எரிகிறது.

"தண்டைச் சுத்தி வெட்டுங்கப்பா, அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க," என்றாள் மகள்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச மாதிரி இல்லையே."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத சத்தம்.

ஒரு வழியாகச் சுருள் என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது. அதை ஒரு தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார். அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"சாப்பிடு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"நீ சாப்பிடு முதல்ல."

"அவ?"

"அவளுக்கும் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. ரெண்டு கோஸ் வாங்கியிருக்கேன்."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சாப்பிட அவளுக்குத் தெரியவில்லை. பிடிவாதமோ தியாகமோ ஒன்றுமில்லை. நீச்சல் தெரியாதவர் தண்ணீரின் ஓரத்தில் நிற்பது போல, எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் இருந்தாள். அதைப் பார்த்த நிதானம் தனக்கும் மகளுக்கும் தட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார். மகளும் உட்கார்ந்தாள். மூவரும் சேர்ந்து கடித்தார்கள்.

அவள் மெதுவாக மென்றாள். அவ்வளவு காலம் அத்தனை பேருக்குச் செய்த அந்தப் பண்டத்தை அவள் முதல் முறையாகத் தின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"உப்பு கம்மி."

"உனக்கு உப்பு கூடப் பிடிக்குமா?"

அவள் இன்னொரு கடி கடித்து மென்று பார்த்தாள். "பிடிக்கும்னு நினைக்கிறேன்," என்றாள்.

கை ஆறியது. கால் மெல்ல ஆறியது. போன உணர்ச்சி முழுதாகத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாப்பிடும் முன் மகள் அம்மாவின் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பாள். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தினார்கள். ரொட்டி வாங்குவது நின்றது. தையல்காரம்மா முன்பு போலவே குறைவாகத்தான் பேசினாள். ஆனால் சில நாள், "எனக்கு இன்னும் ஒண்ணு வேணும்," என்பாள். சொல்லிவிட்டு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்பது போல ஒரு முறை முகங்களைப் பார்த்துக்கொள்வாள்.

நிதானம் மீண்டும் வேலைக்குப் போனார். உபதேசம் நின்றிருந்தது. தேநீருக்கு யார் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அவர் பார்க்கவில்லை. ஒரு மதியம், பேருந்து புறப்பட நேரம் இருந்தது. கடைசி இருக்கையில் நடத்துநர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்கும் சர்க்கரை வர்ற மாதிரி இருக்குனு சொல்லிட்டாங்க. இப்பவே சாப்பாட்டை மாத்தணுமாம்."

"மாத்திக்கோ."

"அதான். அண்ணிக்கு நல்லாத் தேறினதும், ஒரு நாள் எங்க வீட்டுக்காரிக்கு அந்தச் சுருளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க. அவ பிடிச்சுக்குவா. கெட்டிக்காரி."

நிதானம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிக்கொடுக்க நானே வரேன். உனக்குத்தான் சொல்லிக்கொடுப்பேன், அவங்களுக்கு இல்ல," என்றார். பிறகு கேட்டார். "இன்னைக்குக் காலையில அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

"யாரு?"

"உன் வீட்டுக்காரம்மா."

நடத்துநர் சிரித்தார். "ஏதாவது சாப்பிட்டிருப்பா."

"நானும் டாக்டர்கிட்ட இதைத்தான் சொன்னேன். இதே வார்த்தை."

நடத்துநரின் சிரிப்பு நின்றது.

"நான் மேடையில நின்னு வாயைக் கட்டினேன் வாயைக் கட்டினேன்னு பேசினேன்ல? கட்டினது நான் இல்லப்பா. எனக்கு நல்ல இலை வந்துச்சு. அது யார் தட்டுலேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. ஒரே வீட்ல ஒருத்தர் உடம்பு தேறி இன்னொருத்தர் உடம்பு கெட்டா, அதுக்குப் பேரு பத்தியம் இல்ல. சமைக்கிறவங்க என்ன சாப்பிடறாங்கன்னு தெரியாம நாம சாப்பிடற எதுவும் நல்ல சாப்பாடு இல்ல. அவங்களே சொல்லட்டும்னு காத்திருக்காதே. சொல்ல மாட்டாங்க. சொல்லிப் பழக்கம் இல்ல. நாமதான் கேக்கணும். ஒரு தடவை கேட்டாப் போதாது, தினமும் கேக்கணும். உனக்கு ரத்தம் பார்த்தாங்கன்னா, கூடவே அவங்களையும் கூட்டிட்டுப் போய்ப் பாரு."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நெடுநாள் ஆகியிருந்தது. எழுந்து முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

நடத்துநர் அங்கேயே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு அழைப்பதில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி எடுத்தாள்.

"நான்தான். சாப்பிட்டியா?"

மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீரின் சத்தம் நின்றது.

"காலையில என்ன சாப்பிட்டே?"

மறுபக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. அப்புறம் அவள் குரல், பயந்து, மெதுவாக வந்தது.

"ஏங்க, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"